பல்கலைக்கழகத்துக்கு ஏ++ இருக்கட்டும், உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு என்ன இருக்கிறது?

மே மாதம் பிறந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை சாலையோர ஃபிளக்ஸ்களில் 'நாக் ஏ++' என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். அதை நம்பிச் சேர்த்த ஒருவர் போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மகனோடு வந்திருந்தார். பையன் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.டெக். முடித்தவன். வளைகுடாவில் வேலை கிட்டத்தட்ட உறுதியாகிவிட்டது. அவன் படித்த பிரிவுக்கு, அவன் படித்து முடித்த ஆண்டில், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். இல்லை. "ஏ ப்ளஸ் ப்ளஸ்னு போட்டிருந்தாங்களே சார்" என்றார் அப்பா. இந்த வார்த்தையை இன்னும் எத்தனை பெற்றோரிடம் கேட்பேனோ தெரியவில்லை. படித்து முடித்த பிறகு வந்தால் என்னால் செய்ய ஒன்றுமே இல்லை. தயவுசெய்து சேர்வதற்கு முன் இதைப் படியுங்கள்.

நாக் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 1994இல் தொடங்கிய மதிப்பீட்டு அமைப்பு. அது மதிப்பிடுவது நிறுவனம் முழுவதையும். நிர்வாகம், நூலகம், கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என எல்லாம் சேர்ந்து வருவதுதான் அந்த ஏ++. உங்கள் பிள்ளை சேரப்போகும் மெக்கட்ரானிக்ஸ் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தரம் சொல்லாது. பொறியியல் படிப்பைப் பிரிவு பிரிவாக ஆராய்வது என்பிஏ. இதுவும் 1994இல், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ தொடங்கியது, 2010 முதல் தனித்து இயங்குகிறது. ஒரே வளாகத்தில் சிவிலுக்கு என்பிஏ இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் ஐடிக்கு இருக்காது. விதைநெல் வாங்கும்போது நம் ஊரில் யாரும் கடைப் பலகையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையையும் அதிலுள்ள தேதியையும் பார்த்துத்தான் வாங்குகிறோம். என்பிஏ அந்த அட்டை. அதற்கும் காலாவதித் தேதி உண்டு. மூன்று வருடமோ ஆறு வருடமோ தருவார்கள், புதுப்பிக்காவிட்டால் போய்விடும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று சொன்னால், இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இது காகித விவகாரம் என்று நினைப்பவர்கள் 2018இல் குவைத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்தியப் பொறியாளர்களின் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கவே என்பிஏ அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று கேட்டார்கள். பல வருட அனுபவம் உள்ளவர்கள்கூடத் திண்டாடினார்கள். கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு ஏது? வேறு நாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. ஆனால் என்பிஏயின் 'டயர் 1' முறையில் (பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சி நிறுவனங்களுக்குமானது) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அந்த ஒப்பந்தம் பொருந்தும்.

இதற்கு நேரெதிரான குழப்பமும் ஒன்று உண்டு. ஏஐசிடிஇ அனுமதி இல்லாத பல்கலைக்கழகம் என்றாலே போலி என்று சிலர் பயப்படுகிறார்கள். சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட பல்கலைக்கழகம் தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்க முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வழக்குதான். தொலைதூரக் கல்வியில் பி.டெக். என்று யாராவது சொன்னால் மட்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றி அப்படிக் கொடுத்த பட்டங்களை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததும் ரத்துசெய்ததும் ஊரறிந்தது.

மதிப்பீட்டுக் குழுவோடு ஒரு துறைக்குள் போனால் நான் முதலில் கேட்பது இயந்திரத்தை அல்ல, அதை யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதும் லாக் புத்தகத்தை. பளபளவென்று துடைத்து வைத்த லேத்தின் லாக் புத்தகத்தில் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து இருந்தால், எங்களுக்காக உட்கார்ந்து எழுதியது என்று விளங்கிவிடும். அடுத்தது நுகர்பொருள் பதிவேடு. இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் வாங்காமல் பயிற்சி எப்படி நடந்திருக்கும்? ரெக்கார்டு நோட்டுகளில் வகுப்பு முழுக்க ஒரே ரீடிங் இருந்தாலும் அப்படித்தான். பெற்றோருக்கு இந்தப் பதிவேடுகளைக் காட்ட மாட்டார்கள். ஆனால் வேலைநாளில் போய் லேபில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கலாம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பஸ் நிறுத்தத்தில் பேசலாம். அவர்கள் மறைக்கத் தெரியாதவர்கள்.

ஆசிரியர் விஷயத்தில் கறாராக இருங்கள். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ கணக்கு. பட்டியலில் பெயர் இருப்பது போதாது. ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் முழுநேர ஊழியராக இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2024 ஜூலையில் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். துறையில் போய்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதுப் பெயரில் வரும் பிரிவுகளுக்கு என்பிஏ இல்லாததைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். குறைந்தது இரண்டு அணிகள் படித்து வெளியேறிய பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஆனால் அங்கே ஆசிரியர்களை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். அரசு வேலை, பொதுத்துறை வேலை கனவு உள்ள வீடுகளில், அந்தப் பணிக்கான பழைய அறிவிக்கையை எடுத்து இந்தப் பிரிவின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

பிளேஸ்மென்ட் பேச்சில் அதிகபட்ச பேக்கேஜை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். இந்தப் பிரிவில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் நான்கே வருடத்தில் அரியர் இல்லாமல் முடித்தவர் எத்தனை பேர், இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவர் வாங்குவது) எவ்வளவு என்று கேளுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குப் போன நிறுவனம் என்றால் அனுப்பிய தரவு அவர்கள் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் வந்த 60 சதவீதமும், தானே கேள்வித்தாள் எடுத்துத் தானே திருத்தும் பல்கலைக்கழகத்தின் 95 சதவீதமும் ஒரே அளவுகோல் அல்ல.

அப்புறம், ஏஜென்ட் பேச்சைக் கேட்டு பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே முன்பணம் கட்டி ஓடாதீர்கள். அரசின் பொறியியல் சேர்க்கையான டிஎன்இஏ கவுன்சலிங் முடியட்டும். முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்த வழியாகத்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு வந்து கேட்டால் கிடைக்காது. திருக்குவளையிலும் ராஜாமடத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன, செங்கிப்பட்டியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் நிலத்தை அடமானம் வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஏற்கனவே பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே உத்தரவிட்டிருக்கிறது. கட்டணத்தைத் திருப்பித் தரவும் விதி இருக்கிறது. ஆனால் நாள் தள்ளத் தள்ளத் திரும்பி வரும் தொகை குறையும். வாய்வார்த்தையாகக் கேட்காமல், விலகுவதாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகாரைப் பதியுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.