கணவரை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள்

காங்கோவிலிருந்தோ புருண்டியிலிருந்தோ அகதியாக வந்த பெண் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளினிக்குக்கு வந்தால், அவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லக் கணவரோ பள்ளிக்கூடம் போகும் மகனோ கூடவே வருவார்கள். காய்ச்சல், இருமல் என்றால் சரி. பிறப்புறுப்பில் இருக்கும் புண்ணைப் பற்றியோ, எல்லை தாண்டி வரும் வழியில் தனக்கு நடந்ததைப் பற்றியோ மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் வாய் திறப்பார்? நர்ஸாக நான் பார்த்தவரை பால்வினை நோய்த் தடுப்பில் முதல் ஓட்டையே இதுதான், துண்டுப்பிரசுரம் எத்தனை அச்சடித்தாலும் இது அடைபடாது. சுவாஹிலியோ பிரெஞ்சோ தெரிந்த, குடும்பத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பெண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

அப்புறம் என்ன சொல்லித்தர வேண்டும் என்பது. நம் ஊர் அரசு கிளினிக்குகளில் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்துத்தான் மருந்து தருகிறோம், ஆனால் கிளமிடியா என்ற பால்வினை நோய் வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, சிபிலிஸ் புண்ணோ வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும், 'சரியாகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கிருமி உடம்புக்குள் பரவிக்கொண்டிருக்கும். சிபிலிஸைக் கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்டால் குழந்தை இறந்தே பிறக்கலாம். இத்தனைக்கும் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசி போதும்! அதனால் கர்ப்பமானதும் ரத்தப் பரிசோதனை, தொந்தரவு இல்லாவிட்டாலும்.

துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை என்பதை நான் அலுக்காமல் சொல்வேன். ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் நோய் திரும்ப வரும், பிறகு 'மருந்து சரியில்லை' என்று பேச்சு கிளம்பும். பக்கத்து அறைக்காரர் மிச்சம் வைத்த மாத்திரை வேண்டவே வேண்டாம். பலாத்காரம் நடந்தாலோ ஆணுறை கிழிந்தாலோ 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்ஐவி தடுப்பு மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் வருகிறார்களோ அவ்வளவு நல்லது.

ஆனால் கிளினிக் வாசலிலேயே அடையாளப் பேப்பர் கேட்டால்? 1998 அகதிகள் சட்டப்படி இந்நாட்டவருக்குள்ள அடிப்படை மருத்துவ வசதி அகதிகளுக்கும் உண்டு. அகதி அனுமதிச் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்ஐவி மருந்து இலவசம் என்று 2007-லேயே சுகாதாரத் துறை சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தும் 2025-ல் டர்பனில் ஆஸ்பத்திரி வாசலில் கும்பலாக நின்று அடையாள அட்டை கேட்டு வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பினார்கள். பயந்து போனவரிடம் ஆணுறைப் பாடம் எடுத்து என்ன பயன்? அன்னதானம், துணிமணி என்று உதவப் போகும் நம்மவர்கள் முதல் தடவை அவர்களோடு கிளினிக்குக்குக் கூடப் போனால் அதுவே பாதி வேலை.

தென்னாப்பிரிக்காவில் அகதி முகாம் கிடையாது, டர்பனில் பாயிண்ட், ஆல்பர்ட் பார்க் பக்கம் வாடகை அறைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். எனவே கூட்டம் போட்டு அழைக்காதீர்கள், குறிப்பாக ஆண்கள் வரமாட்டார்கள். காங்கோக்காரர்களின் முடிவெட்டும் கடைகளில் பேச்சுக் கொடுங்கள், இலவச ஆணுறைப் பெட்டியைக் கண்ணாடி முன்னால் வைக்காமல் கழிப்பறைக்குள் வையுங்கள், அங்கே வைத்தால்தான் எடுப்பார்கள்.