வரித்துறைக்குத் தெரிந்த கமிஷன் வாசகருக்கும் தெரிய வேண்டும்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்காக மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில், தமிழில் இணையதளம் நடத்துகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. சமையல் குறிப்பு எழுதுகிறவர், கைப்பேசிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர், சேமிப்பு பற்றி எழுதுகிறவர் எனப் பல வகையினர் உண்டு. ஒருவரின் பெயரில் பிடித்தம் செய்யப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், பெரும்பாலும் 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவின் கீழ், அதாவது கமிஷன் அல்லது தரகு என்ற தலைப்பில், பிடித்தம் செய்யப்பட்ட வரி வரிசையாக இருக்கும். பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி என எதுவும் விடுபட்டிருக்காது. தங்கள் எழுத்தில் அவர்கள் தரும் விற்பனைத் தள இணைப்பு வழியாக வாசகர் பொருள் வாங்கினால் கிடைக்கும் கமிஷன் இது. அரசின் பதிவேட்டில் இவ்வளவு தெளிவாக இருக்கும் இந்த வருமானம், அந்த இணைப்பை அழுத்திப் பொருள் வாங்கிய வாசகருக்கு மட்டும் பல நேரங்களில் தெரியாமலே போகிறது.

இந்த ஏற்பாடு இயங்கும் விதம் எளிமையானது. விற்பனைத் தளம் ஒவ்வொரு பதிவருக்கும் ஓர் அடையாளக் குறி தரும். பதிவர் தரும் இணைப்பின் முகவரியோடு அந்தக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். வாசகர் அதை அழுத்தியதும் அவருடைய உலாவியில் ஒரு சிறு பதிவு உட்கார்ந்துகொள்ளும். அமேசானைப் பொறுத்தவரை பொதுவாக 24 மணி நேரத்துக்கு அது செல்லும். மிக்ஸியைப் பார்க்கப் போனவர் அன்று மாலை காலணி வாங்கினாலும் பதிவருக்குக் கமிஷன் வரக்கூடும். பொருளின் வகையைப் பொறுத்துக் கமிஷன் விகிதம் மாறுவதால், எதைப் பற்றி எழுதினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு எழுதுகிறவர் மனத்தில் ஓடுவது இயல்பு. வாசகர் அறிய வேண்டியதும் அந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது என்பதைத்தான்.

கமிஷன் வாங்குவதில் தவறு ஏதுமில்லை. கோயம்பேட்டில் மண்டிக்காரர் தரகு எடுக்கிறார் என்பது காய் அனுப்பும் விவசாயிக்கும் தெரியும், வாங்குகிற கடைக்காரருக்கும் தெரியும். அதனால் யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்பதில்லை. ‘நான் பயன்படுத்திப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று வீட்டு மனிதரைப் போலச் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் பணத்தை மறைப்பதுதான் சிக்கல்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள தொடர்பு பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியதாகவும், வாசகர் தானாக எதிர்பார்க்க முடியாததாகவும் இருந்தால், அதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை தந்த விளக்கக் கையேடு, பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள், பயணம், ஓட்டல் தங்கல், குடும்ப உறவு ஆகியவற்றையும் இத்தகைய தொடர்புகளாகவே கொள்கிறது. பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சிறு பதிவர்களை இந்த எண்களைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. சட்டம் அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

அறிவிப்பு இருந்தும் இல்லாத நிலைதான் நான் அதிகம் பார்ப்பது. சமையல் தளம் நடத்தும் ஒரு வாடிக்கையாளர் கிரைண்டர் பற்றி எழுதியிருந்த பக்கம் முழுக்கத் தமிழ். கமிஷன் பற்றிய ஒரே வரி மட்டும் ஆங்கிலத்தில், பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்தது. விற்பனைத் தளம் கேட்கும் வாசகத்தை அப்படியே ஒட்டியிருந்தார். தமிழிலும் எழுதி, இணைப்புக்கு மேலே வையுங்கள் என்றேன். “அப்படிப் போட்டா யாரும் லிங்கை அமுக்க மாட்டாங்க சார்” என்றார். “போட்டா அமுக்க மாட்டாங்கன்னா, இப்ப தெரியாமத்தானேம்மா அமுக்கறாங்க?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கேயே எழுதத் தொடங்கினார்.

முதலில் ‘ஒரு சிறு கமிஷன்’ என்று வந்தது. ‘சிறு’ என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன், தொகை சிறிதா பெரிதா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும் என்பதற்காக. கடைசியில் நின்ற வாசகம் இது: ‘கீழே உள்ள இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். அதனால் உங்களுக்கு விலை கூடாது. இந்தக் கிரைண்டரை என் சொந்தப் பணத்தில் வாங்கினேன்.’ ஆங்கில வாசகத்தையும் நீக்கவில்லை. அது விற்பனைத் தளத்துக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தத்தைச் சேர்ந்தது.

‘விலை கூடாது’ என்ற வரியை எல்லோரும் எல்லா இடத்திலும் எடுத்து ஒட்டிவிட முடியாது. கிரைண்டருக்கு அது பொதுவாக உண்மை. மியூச்சுவல் ஃபண்டுக்கு அப்படியே பொய். 2013 ஜனவரி முதல் பெரும்பாலான திட்டங்களில், ஃபண்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் ‘டைரக்ட்’, விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ‘ரெகுலர்’ என இரண்டு வகைகள் உள்ளன. ரெகுலர் வகையில் விநியோகஸ்தருக்குப் போகும் கமிஷன், திட்டத்தின் செலவு விகிதத்துக்குள் அடங்கி, முதலீட்டாளரின் பணத்திலிருந்தே ஆண்டுதோறும் கழிகிறது. அந்தக் கமிஷனைப் பெற, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஒருவர் சேமிப்பு பற்றித் தமிழில் நல்ல கட்டுரை எழுதி, ரெகுலர் வகைக்கு இணைப்பும் தருகிறார் என்றால், கமிஷன் வருகிறது என்பதோடு அது யாருடைய பணத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்வதே நேர்மையான அறிவிப்பு.

இலவசமாக வந்த பொருளைப் பலரும் வருமானமாகவே நினைப்பதில்லை. அதே 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194ஆர் பிரிவு, ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய பலன்களுக்கு 10 சதவீத வரிப் பிடித்தம் கேட்டது. விமர்சனம் முடிந்து கைப்பேசியைத் திருப்பி அனுப்பிவிட்டால் அது பலன் ஆகாது, வைத்துக்கொண்டால் பலன் என்று நேரடி வரிகள் வாரியத்தின் 2022-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை விளக்கியது. வாசகருக்கும் இந்த வேறுபாடு பயன்படும். ‘நிறுவனம் அனுப்பியது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்பதும் ‘அனுப்பியது, என்னிடமே இருக்கிறது’ என்பதும் வெவ்வேறு எடை உள்ள வாக்கியங்கள்.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்ற கேள்வி தவறாமல் வரும். நூற்றுக்கணக்கில் எழுதிவிட்டவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது. ஆனால் விற்பனைத் தளங்கள் தரும் கமிஷன் அறிக்கையிலேயே எந்தப் பொருளில் எவ்வளவு வந்தது என்ற விவரம் இருக்கிறது. பதிவுக்கு ஓர் அடையாளக் குறி வைத்துக்கொண்டவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும். அந்தப் பட்டியலில் அதிகம் ஈட்டும் பக்கத்தில் தொடங்கி வாரத்துக்குச் சில பக்கங்களாகக் கீழே இறங்கி வரலாம். கணக்குக்காக எங்களிடம் தரும் அதே அறிக்கைதான். இன்னொரு நகல் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்.