ஒரு ரகம் என்றால் ஒரே மரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா போன மாதம் அழைத்தார். "ஆலிவ் மரம் ஒருவழியாகக் காய்த்துவிட்டது தம்பி. ஆனால் காய் சுண்டைக்காய் மாதிரி இருக்கிறதே!" படம் அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே புரிந்தது. அவர் வாங்கியது கலமாட்டா ஒட்டுக்கன்று. அந்த ரகத்தின் குச்சி லேசில் வேர்விடாது. அதனால் நர்சரிக்காரர்கள் நாங்கள் வேறொரு அடிச்செடியில் ஒட்டுக் கட்டித் தருவோம். அவருடையது காட்டு ஆலிவ் அடிச்செடி. அடியில் கிளம்பிய தளிரை யாரும் கிள்ளவில்லை. மேலே இருந்த கலமாட்டா நலிந்து, அடிச்செடியே மரமாகிவிட்டது. ஒட்டு மாங்கன்று வைத்த பலருக்கும் இது நடந்திருக்கும்.

"வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் அக்கா, நிழலுக்கும் பறவைக்கும் இருக்கட்டும் என்றேன். டர்பனின் கதகதப்பான குளிர்காலத்தில் கலமாட்டா பிழைத்திருந்தாலும் பெரிதாகக் காய்த்திருக்காது. பூ அரும்ப அதற்கு நல்ல குளிர் வேண்டும்.

ஜூலு மொழியில் உம்ன்குமா என்கிற அந்தக் காட்டு மரம், தோட்டத்து ஆலிவின் நெருங்கிய உறவு. இங்கிருந்து அரேபியா வழியாகச் சீனா வரை பரவியிருக்கிறது. வறட்சியைத் தாங்கும். தலைமுறை தலைமுறையாக விதையில் முளைத்து வருவதால், ஒவ்வொரு மரமும் தனி மரம்.

தோட்டத்து ரகம் அப்படியல்ல. பார்ல் பக்கம் நான் வேலை செய்யும் நர்சரியில் ஒரு ரகத்தின் குச்சிகளை ஆயிரக்கணக்கில் வேர்விடச் செய்கிறோம். சின்னச் சின்ன மாற்றங்களை விட்டுவிட்டால், அத்தனையும் மரபணுவில் ஒரே மரம். உலகில் 1,200க்கும் மேல் ரகங்களுக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் இயந்திர அறுவடைக்காக வேலி போல நெருக்கி நடும் புதிய தோட்டங்களில் திரும்பத் திரும்ப வருவது அர்பெக்கினா, அர்போசானா, கொரோனிகி என்ற மூன்றுதான். எனக்குக் கவலை தருவது இதுதான்.

2013இல் தெற்கு இத்தாலியின் பூலியா பகுதியில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. அங்கே பரவலாக இருந்த உள்ளூர் ரகங்கள் இரண்டுக்கும் அதைத் தாங்கும் சக்தி இல்லை. நூற்றாண்டு கண்ட மரங்கள் லட்சக்கணக்கில் காய்ந்தன. நடுவில் லெச்சினோ என்ற ரகம் பச்சையாக நின்றது. எப்போதோ வேறு காரணத்துக்காக நட்டு வைத்த ரகம் அது!

புதிய ரகம் வேண்டுமென்றால் உடனே கிடைக்காது. விதையில் வந்த ஆலிவ் பூக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். பசுமைக்குடிலில் ஓய்வின்றி வளர்த்து அதை மூன்று நான்கு வருடமாகக் குறைத்திருக்கிறார்கள். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிக்குவால் என்ற ரகத்தையும் அர்பெக்கினாவையும் சேர்த்து சிகிட்டிட்டா என்ற குட்டை மரத்தை உருவாக்கினார்கள். 1970இல் தொடங்கிய ஆலிவ் ரகச் சேமிப்பு வங்கியும் அதே ஊரில்தான். பழைய ரகங்கள் அழிந்தால் கலப்புக்குத் தாய் தகப்பன் எங்கிருந்து வரும்?

சரி, தோட்டம் போடுகிறவர்கள் என்ன செய்யலாம்? குறைந்தது இரண்டு மூன்று ரகம் கலந்து நடுங்கள். காய்ப்பிடிப்புக்கும் அது தேவை. மகரந்தப் பொருத்தத்தில் ஆலிவ் ரகங்கள் இரண்டே குழு. பங்காளிக்குள் சம்பந்தம் கிடையாது, மாமன் மச்சான் முறையில்தான் உண்டு என்பது போல, ஒரு குழுவின் மகரந்தம் மற்றக் குழுவில்தான் காய்பிடிக்கும். ஆகவே எந்த ரகத்துக்கு எது ஜோடி என்று கேட்டு வாங்குங்கள். அடிச்செடி எது என்றும் கேளுங்கள்; சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். அடியில் வரும் தளிரை அவ்வப்போது கிள்ளுங்கள்.

நிலத்தைச் சுத்தம் செய்யும்போது பெயர் தெரியாத பழைய ஆலிவ் மரம் நின்றால், அது காட்டு மரமாகவே இருந்தாலும், ஜேசிபியை நிறுத்திவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். பார்ல், ஸ்டெல்லன்போஷ் பக்கம் என்றால் நானே வந்து குச்சி எடுத்துக்கொள்கிறேன்.