மிளகாய் இலையைச் சுருட்டும் வைரசு எது?

யாழ்ப்பாணத்தின் செம்மண் தோட்டங்களில், உரும்பிராயிலோ சுன்னாகத்திலோ, கிணற்றுநீர் இறைத்து வளர்த்த மிளகாய்க் கன்றின் குருத்து சுருளத் தொடங்கினால் தோட்டக்காரர் முதலில் தேடுவது மருந்தைத்தான். ஆனால் எந்த மருந்து? சிற்றுண்ணி தாக்கிய இலை கீழ்நோக்கி மடிந்து கவிழ்த்த தோணி போலாகும். பனிப்பூச்சி சாறு உறிஞ்சிய இலை மேல்நோக்கிச் சுருளும். வெள்ளை ஈ காவிவரும் பெகோமோவைரசு தொற்றிய இலையும் மேல்நோக்கியே சுருண்டு, நரம்பு தடித்து, காம்பு குறுக, கன்று வளராமல் நின்றுவிடும். மூன்றும் ஒரே கன்றில் சேர்ந்திருப்பதும் உண்டு. சிற்றுண்ணிக்கு அடிக்கும் கந்தகம் வைரசை ஒன்றும் செய்யாது என்பதால், கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது இங்கே காசும் காலமும் விரயமாகும் வழி.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இந்த வைரசு, ஒட்டிப் பிறந்த இரட்டை மணிகளைப் போலத் தெரியும். ஒரு துகளின் நீளம் ஏறத்தாழ 30 நனோமீற்றர். ஆயினும் இக்குடும்பத்து வைரசுகள் யாவும் இதே தோற்றம் கொண்டவை. உருவம் குடும்பத்தைக் காட்டும், பெயரைக் காட்டாது. பெயரை அறிய, துகளினுள் இருக்கும் வட்டவடிவ ஒற்றையிழை டிஎன்ஏயை வாசிக்கவேண்டும். டிஎன்ஏயின் அலகுகளைக் குறிக்கும் ஏ, ரி, ஜி, சி என்ற எழுத்துகளில் எண்ணினால், அதன் நீளம் 2,700 முதல் 2,800 எழுத்துகள் வரை மட்டுமே.

இளம் இலைகளைப் பறித்துச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி, ஆய்வுகூடத்தில் அரைத்து டிஎன்ஏயைப் பிரிப்பர். கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட பிசிஆர் முறை, வைரசு இருக்கிறதா இல்லையா என்பதை விரைவில் சொல்லிவிடும். ஆனால் பிசிஆர் வழக்கமாகப் பெருக்கித் தருவது ஒரு சிறு துண்டை. பெகோமோவைரசுகளோ தமக்குள் டிஎன்ஏத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஒரே கன்றில் இரண்டு வைரசுகள் புகுந்தால், ஒன்றின் பாதியும் மற்றதன் பாதியும் இணைந்த புதியதொன்று பிறக்கலாம். துண்டை மட்டும் வாசித்தவர், தாயைக் கண்டு தந்தையைத் தவறவிட்டவர் ஆவார்.

ஆகவே முழு வட்டத்தையும் பெருக்குவர். இதற்கு உதவுவது, பற்றீரியாவைத் தாக்கும் ஃபை 29 என்ற வைரசிலிருந்து பெறப்பட்ட நொதியம். செக்கு மாடு போல வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வரும் இந்த நொதியம், முன்பு தான் எழுதிய இழையைத் தானே தள்ளிக்கொண்டு மேலும் எழுதிச் செல்வதால், ஒரே பிரதி திரும்பத் திரும்பத் தொடரும் நீண்ட இழை உருவாகிறது. தாவரத்தின் நீள டிஎன்ஏயைவிடச் சிறு வட்டங்களே இதில் பெருமளவு பெருகும். வட்டத்தில் ஒரேயோரிடத்தில் வெட்டும் நொதியத்தால் அந்த இழையை அறுத்தால், சரியாக ஒரு வட்டத்தின் அளவுள்ள துண்டுகள் கிடைக்கும். சிலவேளைகளில் ஏறத்தாழ 1,350 எழுத்துகள் கொண்ட சிறிய துண்டொன்றும் தனியே தெரியும். அது பீற்றா துணைக்கோள் என்னும் கூட்டாளி டிஎன்ஏ. உருவில் சிறிதானாலும், தாவரத்தின் எதிர்ப்பை அடக்கிச் சுருளலைக் கடுமையாக்குவதில் பெரும்பாலும் இதன் கையே ஓங்கியிருக்கும்.

எழுத்துகளை வாசித்த பின் ஒரு வேடிக்கையான சிக்கல்: வட்டத்துக்குத் தொடக்கம் ஏது? தொடங்கும் இடம் மாறினால் இரு வைரசுகளை வரிசைப்படுத்தி ஒப்பிட முடியாது. விடையை வைரசே வைத்திருக்கிறது. எல்லாப் பெகோமோவைரசுகளிலும் ‘ரிஏஏரிஏரிரிஏசி’ என்ற ஒன்பது எழுத்துத் தொடர் மாறாமல் உள்ளது. வைரசு தன்னைப் பெருக்கத் தொடங்கும்போது அதன் புரதம் ஏழாவது எழுத்துக்கும் எட்டாவது எழுத்துக்கும் இடையில் இழையை வெட்டுகிறது. ஆய்வாளர்களும் அந்த எட்டாவது எழுத்தையே முதலாம் எழுத்தாகக் கொள்கின்றனர்.

அதன் பின் தரவுத்தளத்திலுள்ள தொடர்களுடன் ஒப்பீடு. 2015 இல் வகுக்கப்பட்ட விதிப்படி, ஏற்கெனவே அறியப்பட்ட எந்த வைரசுடனும் 91 வீத ஒற்றுமையை எட்டாதது புதிய இனம்; 91 வீதத்தை எட்டியும் அவ்வினத்தின் எந்தக் குலவகையுடனும் (இனத்துக்குள் அடங்கும் உட்பிரிவு) 94 வீதத்தை எட்டாதது புதிய குலவகை. 2,750 எழுத்துள்ள வைரசில், நெருங்கிய உறவுடன் 200 எழுத்துகள் வேறுபட்டால் அது புதிய குலவகை. 300 வேறுபட்டால் புதிய இனம். இந்த எல்லைகள் அறிஞர்கள் கூடி வரைந்தவை. இயற்கை போட்ட வேலிகள் அல்ல. மிளகாய் இலைச்சுருளல் இலங்கை வைரசு என்று நம் நாட்டின் பெயரிலேயே ஓர் இனம் பட்டியலில் உண்டு.

பெயர் கிடைத்தாலும் குற்றம் நிரூபணமாகிவிடாது. நோயுற்ற இலையில் இருந்தது என்பதும் நோயைத் தந்தது என்பதும் வேறு வேறு. வைரசின் டிஎன்ஏ இருமுறை அடுத்தடுத்து வருமாறு அமைத்து, அகரோபற்றீரியம் என்ற மண் பற்றீரியாவில் ஏற்றி, நோயற்ற மிளகாய்க் கன்றின் தண்டில் செலுத்துவர். துணைக்கோளுடன் சில கன்றுகள், துணைக்கோள் இன்றிச் சில, வெறும் பற்றீரியா மட்டும் பெற்ற சில என வெள்ளை ஈ நுழையாத வலைக்கூட்டில் வளர்த்து, சில வாரங்கள் காத்திருப்பர். குருத்து சுருண்டால், அந்த இலையிலிருந்து டிஎன்ஏயை மறுபடி எடுத்து, செலுத்திய அதே தொடர்தானா என்று வாசித்துப் பார்ப்பர்.