ட்ரம்பெட் இல்லாத கை

1986 ஜூலை 1. நியூயார்க்கில் ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸைப் படம் பிடித்தார் புகைப்படக் கலைஞர் இர்விங் பென். 'டுட்டு' இசைத்தட்டின் உறைக்கான படங்கள். முகத்தை மிக நெருக்கத்தில் எடுத்தவர், கையைத் தனியாகவும் எடுத்தார். முகம் இல்லை, ட்ரம்பெட்டும் இல்லை. தோல் மடிப்பெல்லாம் துல்லியமாகத் தெரிகிற ஓர் அறுபது வயதுக் கை, அவ்வளவுதான். அந்த உறை வடிவமைப்புக்காக எய்கோ இஷியோகா கிராமி விருது வாங்கினார்.

ஒரு துணுக்கை மட்டும் பார்ப்பது கண்ணுக்குப் புதிதல்ல. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்தைத்தான், சுற்றியிருப்பதெல்லாம் மங்கல். அதனால்தான் விழி நொடிக்குச் சுமார் 3 முறை தாவித் தாவிப் பொறுக்குகிறது. பொறுக்கியதைக் கோப்பது மூளையின் வேலை.

அதிலும் கைக்கு மூளை தனி மரியாதை தருகிறது. இது தெரியவந்த கதை வேடிக்கையானது. நரம்பியல் ஆய்வாளர் சார்ல்ஸ் கிராஸும் கூட்டாளிகளும் குரங்கு மூளையின் ஒரு நரம்பணுவின் மின்துடிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். எந்த உருவத்தைக் காட்டினாலும் அது மசியவில்லை. கடைசியில் திரைக்கு முன்னால் கையை ஆட்டினார்கள். உடனே படபடவென்று துடித்தது! பிறகு விதவிதமாக வெட்டிய வடிவங்களைக் காட்டிச் சோதித்தார்கள். குரங்கின் கையை எவ்வளவு ஒத்திருந்ததோ, அவ்வளவு துடிப்பு. 1972-ல் இதை வெளியிட்டார்கள். மனித மூளையிலும் கையைக் கண்டால் கூடுதலாக இயங்கும் பகுதி ஒன்று உண்டு.

சரி, அது கை என்று தெரிந்துவிட்டது. யாருடைய கை? பெயரை மறைத்துவிட்டு நீட்டினால் ஜாஸ் பைத்தியங்களும் திணறுவார்கள், நானும்தான். இங்கே படத்துக்குப் பாதி வேலையைச் செய்து கொடுப்பது அதன் தலைப்பு. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. ஒருவரின் நரம்பணு நடிகை ஹாலி பெர்ரியின் படங்களுக்குத் துடித்தது. அவர் பூனை முகமூடி போட்டிருந்த படத்துக்கும் துடித்தது. படமே இல்லாமல் பெயரை எழுத்தில் காட்டினால்கூடத் துடித்தது! முகமும் முகமூடியும் எழுத்தும் அந்த அணுவுக்கு ஒரே ஆள்தான். 'மைல்ஸ் டேவிஸின் கை' என்று படித்த பிறகு விரல் வேறு மாதிரி தெரிவதற்குக் காரணம் இந்த மாதிரிப் பிணைப்புதான் என்று நினைக்கிறேன்.

கையோடு பெயர் மட்டுமல்ல, ஓசையும் பிணைந்துகொள்ளும். பியானோ கலைஞர்களுக்கு ஒலியை நிறுத்திவிட்டு வாசிக்கும் விரல்களை மட்டும் காட்டியபோது, கேட்பதற்கான மூளைப் பகுதிகளும் விழித்துக்கொண்டன. ட்ரம்பெட்டில் வழக்கமாக 3 வால்வுகள். வலக்கையின் 3 விரல்கள் அவற்றை அழுத்தும். பென்னின் படத்தை ட்ரம்பெட் வாசிக்கிறவர் ஒருவரிடம் கொடுத்து, எந்தச் சுரம் கேட்கிறது என்று விசாரிக்க எனக்கு வெகுநாளாக ஆசை.