மண்ணிலிருந்து ஒரு முழம் மேலே: நார்வேயின் மரத் தேவாலயங்கள் மக்காத கதை

நார்வேயின் மேற்குப் பகுதியில், கடல் மலைகளுக்குள் நீண்டு புகுந்திருக்கும் சோக்னெ ஃபியோர்டின் ஒரு கிளையோரம் ஊர்னெஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. எதிர்க்கரை சொல்வோர்னிலிருந்து படகில் கடந்து, மேட்டில் ஏறி நடந்தால் தேவாலயம் வந்துவிடும். 1130-ஐ ஒட்டிக் கட்டியது. 1979-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தூண், சுவர், கூரை எல்லாமே பைன் மரம். மழையும் பனியும் ஓயாத நாட்டில் ஒரு மரக்கட்டடம் ஒன்பது நூற்றாண்டை நெருங்கி நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் தச்சர்களின் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது.

மரம் வயதாவதால் மக்குவதில்லை. அதைத் தின்பது பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே ஈரத்தை வைத்திருந்தால் அது வளராது. நீருக்கடியில் ஆழமாகப் புதைந்த மரமும் காற்று கிடைக்காததால் பிழைத்துக்கொள்ளும். ஆபத்தான இடம் இரண்டுக்கும் நடுவே, மண்ணை ஒட்டிய அந்தச் சில அங்குலங்கள். நம் ஊரில் பழைய வேலிக்காலைப் பிடுங்கியவர்களுக்கு இது தெரியும்: மேலே கெட்டியாக இருக்கும், மண்மட்டத்தில் உளுத்து உதிரும்.

நார்வேயின் முதல் மரத் தேவாலயங்களுக்கு நடந்ததும் இதுதான். கம்பங்களைக் குழி தோண்டி நேரே மண்ணில் நட்டார்கள். கட்டடம் ஆடாமல் நின்றது, ஆனால் அடி சீக்கிரமே மக்கியது. லொம் என்ற ஊரின் தேவாலயத்தில் 1970-களில் தரைக்குக் கீழே அகழ்ந்தபோது, அதற்கும் முந்தைய ஒரு தேவாலயத்தின் கம்பக்குழிகள் கிடைத்தன. (பலகை இடுக்குகளில் விழுந்த நாணயங்களும், ஹோவர்ட் என்பவர் குன்ஹில்ட் என்ற பெண்ணிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டு ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் செதுக்கிய ஒரு குச்சியும் அதே தரையடியில் அகப்பட்டன. அவள் என்ன பதில் சொன்னாளோ!)

பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தச்சர்கள் கம்பத்தை மண்ணிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலில் தரையில் கல் பரப்பு. கல்லின் மேல் கனமான அடிச்சட்டங்கள்: நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு, ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும்படி. கம்பங்கள் இந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கும். மழைநீர் கல்லில் வழிந்து போய்விடும், அடியில் காற்று புகுந்து உலர்த்தும். எண்ணூறு ஆண்டு ஆயுளில் பெரும்பங்கு இந்த ஒரு மாற்றத்துக்கே சேரும் என்பேன்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மண்ணில் ஊன்றிய கம்பம் தன் பலத்திலேயே நிற்கும். சட்டத்தின் மேல் வைத்த கம்பத்தைக் காற்று தள்ளிச் சாய்த்துவிடும். ஆகவே பிடிமானத்தை மேலே தேடினார்கள். லார்டாலில் உள்ள போர்குண்ட் தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் இது புரியும். தூணுக்குத் தூண் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கட்டைகள், அவற்றுக்கு மேலே வளைந்த முட்டுக்கட்டைகள். முட்டுக்கட்டையின் வளைவு, நேரான பலகையை அறுத்து உண்டாக்கியதில்லை. பைன் மரத்தில் தண்டு வேராகத் திரும்பும் இடத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அங்கே இழையே வளைந்து ஓடுவதால், பாரம் வந்தால் பிளக்காது. சுவர்ப் பலகைகளும் அப்படித்தான் யோசித்துச் செய்தவை: செங்குத்தாக நிறுத்தி, ஒன்றின் நாக்கை மற்றதன் காடியில் செருகியிருக்கிறார்கள். ஈரத்தில் பலகை உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் காடிக்குள் நகர இடம் உண்டு. முக்கிய இணைப்புகளில் மர முளைகளே பிடித்து நிற்கின்றன. புயலடித்தால் கட்டடம் முழுக்க முனகும், கொஞ்சம் அசையும், மறுபடி நிலைக்கு வந்துவிடும்.

மரத்தேர்வும் முக்கியம். நம் ஆசாரிகள் 'வைரம் பாய்ந்த மரம்' என்பார்களே, அந்த உட்பகுதிதான் பைனிலும் பிசினும் பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருளும் நிறைந்தது. வெளிச்சுற்று வெண்மரம் எளிதில் மக்கும். மெதுவாக வளர்ந்து நெருக்கமாக வளையம் விழுந்த முதிர்ந்த மரங்களில் வைரம் அதிகம்.

அந்த வளையங்களே கட்டடத்தின் வயதையும் சொல்கின்றன. கோடை நன்றாக அமைந்த ஆண்டில் தடித்த வளையம், மோசமான ஆண்டில் மெல்லிய வளையம். இந்த வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்ப்பார்கள். பட்டைக்கு அடியிலிருக்கும் கடைசி வளையம் கிடைத்துவிட்டால் மரம் வெட்டிய பருவமே தெரிந்துவிடும். போர்குண்டின் மரங்கள் 1180-81 குளிர்காலத்தில் வெட்டியவை என்று கண்டது இப்படித்தான். இவ்வளவு அரிய கட்டடத்தில் துளைபோட யாருக்கு மனம் வரும்? அதனால் மரத்தின் வெட்டுமுகத்தை நுட்பமாகப் படமெடுத்து, படத்தில் வளையத்தை அளக்கும் முறையையும் நார்வேயில் கையாண்டிருக்கிறார்கள்.

இடைக்காலத்தில் இத்தகைய தேவாலயங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. நார்வேயில் எஞ்சியவை 28. 1349-இல் வந்த கொள்ளைநோய் ஊர்களையே காலிசெய்தது, புதிதாகக் கட்ட ஆளில்லை. பிறகு 1851-இல் வந்த சட்டம், தேவாலயத்தில் ஊர்மக்களில் பத்தில் மூன்று பங்கினருக்காவது இடம் வேண்டும் என்றது. சிறியவை பல இடிபட்டன. மக்காமல் தாங்கிய மரத்தை மனிதர்கள் இடித்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. போர்குண்டை 1877-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வாங்கியதால் அது பிழைத்தது.

இனி இந்தத் தேவாலயங்களின் கறுப்பு நிறம். அது பைன் தார். பிசின் ஊறிய அடிக்கட்டைகளையும் வேர்களையும் பிளந்து, சரிவில் புனல்போல் தோண்டிய சூளையில் அடுக்கி, மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளால் மூடி, காற்றைக் குறைத்து மெல்லப் புகையவிட்டால் தார் கீழே வடியும். அதைச் சூடாக்கிச் சுவரில் பூசுவார்கள். மழைநீர் ஒட்டாமல் வழிந்துவிடும். ஒருமுறை பூசி விட்டுவிட முடியாது; வெயில் படும் தெற்குச் சுவரில் தார் இளகி வடிந்து, சிதைந்து போகிறது. நிழலான வடக்குச் சுவரில் அதிக நாள் தங்கும். ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே கணக்கு செல்லாது.

நார்வே அரசின் பாரம்பரியப் பாதுகாப்புத் துறை 2001 முதல் 2015 வரை இவற்றைச் சீர்செய்யும் திட்டம் ஒன்றை நடத்தியது. கோடையில் இந்த ஊர்களுக்குப் போகிறவர்கள் கூரை முனைகளில் உள்ள டிராகன் தலைகளைப் படமெடுத்து முடித்ததும், சற்றுக் குனிந்து அடிச்சட்டத்தையும் பாருங்கள். மக்கிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவில் புது பைன் துண்டைப் பொருத்திய ஒட்டுகள் சில இடங்களில் தெரியும். ஒரு சட்டம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மண்ணில் ஊன்றிய கம்பத்தில் அந்த வசதி கிடையாது.