கெட்டது கேமராவா, பேட்டரியா?

தைப்பூசமும் தீபாவளியும் நெருங்கும்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கடைக்கு ஒரே வகையான கேமராக்கள் வந்து சேரும். சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமராக்கள். "அண்ணே, கெட்டுப்போச்சு, பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் நான் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, கடையில் சார்ஜ் செய்து வைத்திருப்பதைப் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் கேமரா அந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும்.

சில வருஷமாக இளைஞர்களும் வருகிறார்கள். அம்மா அலமாரியில் போட்டு வைத்திருந்த 2008ஆம் வருஷத்துக் கேமராவைக் கண்டெடுத்து, அந்தப் பழைய நிறம் பிடித்துப்போய்க் கொண்டு வருகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பங்களில், இடித்துவிட்ட லயத்து வீட்டின் படங்கள் இந்த மாதிரி ஒரு கேமராவின் கார்டில் மட்டுமே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பேட்டரி வேலை செய்யாததற்காக அதைக் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏஏ பேட்டரி போடுகிற கேமராக்கள். கேனான் பவர்ஷாட் ஏ வரிசை, நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசை எல்லாம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. எந்த மளிகைக் கடையிலும் பேட்டரி கிடைக்கும் என்றுதான் அவற்றை வாங்கினார்கள். கிடைக்கும், ஆனால் எது கிடைக்கிறது என்பதுதான் பிரச்சினை. பேட்டரியின் மேலே பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், அதைப் படியுங்கள். ஆர்6 என்று மட்டும் இருந்தால் அது ஜிங்க் கார்பன். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். உறையில் 'ஹெவி டியூட்டி' என்று பெரிதாகப் போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது போதும். கேமராவுக்குப் போட்டால் நாலைந்து படத்துக்குள் படுத்துவிடும். எல்ஆர்6 என்றால் அல்கலைன். எச்ஆர்6 என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதாவது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடியது. கேமராவுக்கு ஏற்றது இந்த மூன்றாவது.

அல்கலைன் புதிதாகப் போட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று புகார் சொல்பவர்கள் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. லென்ஸ் வெளியே வரும்போதும் பிளாஷ் நிரம்பும்போதும் கேமரா ஒரே சமயத்தில் நிறைய மின்சாரம் கேட்கும். அல்கலைனுக்குள் சக்தி நிறைய இருந்தாலும் அதன் உள்தடை அதிகம். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் ஒல்லியாக இருக்கிற மாதிரி. அந்த ஒரு கணத்தில் வோல்ட் சரிந்துவிட, கேமரா 'பேட்டரி காலி' என்று முடிவு செய்து நின்றுவிடுகிறது. சில நேரம் லென்ஸ் பாதியில் நின்று, லென்ஸ் பழுது என்று திரையில் எழுத்துகூட வரும். பயந்துபோய் லென்ஸைக் கையால் அழுத்தாதீர்கள். அப்படி அழுத்தினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் உடைந்து, அப்போதுதான் நிஜமாகவே கெட்டுப்போகும். கேமரா வேண்டாம் என்று தள்ளிய அதே பேட்டரியைக் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், மாதக்கணக்கில் ஓடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும். அல்கலைனில் 1.5. குறைவாக இருக்கிறதே, இது பலவீனமானதா என்று கேட்கிறார்கள். இல்லை. இதன் உள்தடை குறைவு. கேமரா எவ்வளவு கேட்டாலும் 1.2க்குப் பக்கத்திலேயே கடைசி வரை நிற்கும். அல்கலைன் 1.5இல் தொடங்கினாலும் சீக்கிரம் அதற்குக் கீழே இறங்கிவிடும். கேமராவோடு வந்த கையேட்டைப் பார்த்தால் தெரியும், இந்த வகைக்குப் போட்டிருக்கும் படக் கணக்கு, அதாவது எத்தனை படம் எடுக்கலாம் என்பது, அல்கலைனைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கூல்பிக்ஸ் எல் வரிசையில் செட்டிங்கில் 'பேட்டரி வகை' என்று ஒன்று உண்டு. அதையும் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு இருக்கிறது என்பதைக் கேமரா தவறாகக் காட்டும்.

இதிலும் இரண்டு வகை. பழைய வகை, சும்மா வைத்திருந்தாலே சார்ஜை இழந்துகொண்டிருக்கும், நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. மாரியம்மன் திருவிழாவுக்குச் சார்ஜ் செய்து வைத்தது அடுத்த விசேஷத்துக்கு இருக்காது. 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் சார்ஜ் மெதுவாக இறங்கும் வகையைக் கொண்டு வந்தது. ஒரு வருஷம் வைத்திருந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது, மற்றவர்களும் செய்கிறார்கள். அதில் சுமார் 2000 எம்ஏஎச் என்றுதான் போட்டிருக்கும், எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்பதன் அளவு அது. பக்கத்திலேயே 2700 என்று ஒன்று இருந்தால் கை அதற்குத்தான் போகும். எப்போதாவது படம் எடுக்கிற குடும்பத்துக்கு, சார்ஜ் மெதுவாக இறங்கும் அந்த 2000தான் நல்லது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் 3000க்கு மேல் போட்ட ஏஏ பேட்டரி எதையும் நம்பாதீர்கள். அந்த அளவு உடம்புக்குள் அவ்வளவு அடங்காது.

பேட்டரிக்குப் பணம் செலவழித்துவிட்டுச் சார்ஜரில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மலிவான சார்ஜர், நிரம்பியதா இல்லையா என்று பார்க்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடானால் அந்தச் சார்ஜரை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனித்துத் தானே நிற்கும் சார்ஜர் கொஞ்சம் கூடுதல் வெள்ளி ஆகும், ஆனால் பேட்டரிக்கு ஆயுள் கொடுக்கும். சேர்த்து வாங்கிய பேட்டரிகளில் மார்க்கரால் குறி போட்டு, சேர்ந்தே பயன்படுத்துங்கள், சேர்ந்தே சார்ஜ் செய்யுங்கள். பழசோடு புதுசைக் கலந்தால் பலவீனமானது முதலில் தீர்ந்துபோய், மற்றது அதைத் தலைகீழாக ஓட்டிக் கெடுத்துவிடும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அல்கலைனைச் சார்ஜரில் போடாதீர்கள், ஒழுகும், வெடிக்கவும் செய்யலாம். அப்புறம், 14500 என்ற எண் போட்ட லித்தியம் பேட்டரி ஒன்று இணையக் கடைகளில் கிடைக்கிறது. பார்க்க ஏஏ மாதிரியே இருக்கும். ஆனால் அது 3.7 வோல்ட். இரண்டைப் போட்டால் 3 வோல்ட் கேட்கும் கேமராவுக்குள் 7 வோல்ட்டுக்கு மேல் போகும். அந்தக் கேமராவை என்னாலும் காப்பாற்ற முடியாது.

சப்பையாக, சதுரமாக இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு வழக்கம் வேறு. முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்ற பேச்சு பழைய நிக்கல் காட்மியம் காலத்தது. லித்தியத்துக்கு அது கெடுதல். பாதியில் சார்ஜ் செய்யலாம். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். முழு சார்ஜும் வெப்பமும் சேர்ந்தால் அதன் ஆயுளைத் தின்றுவிடும். மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் கார் டேஷ்போர்டிலும் கேமராவை வைக்கவே வேண்டாம்.

பத்து வருஷம் அலமாரியில் கிடந்த பேட்டரி சார்ஜ் ஏறாமல் விளக்கு மட்டும் சிமிட்டினால் அதை விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பும் வித்தையை வீடியோவில் பார்த்துவிட்டுத் தம்பிகள் செய்கிறார்கள். ரொம்ப நாள் முழுதாகத் தீர்ந்து கிடந்த பேட்டரிக்குள் செம்புத் தகடு கரைந்திருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ கூடாது. வீட்டுக்குப் பின்னால் குப்பை கொளுத்தும் இடத்தில் போடவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போதும் எண்ணைப் பாருங்கள். கேனான் என்பி-11எல் பேட்டரியின் அசல் 680 எம்ஏஎச். அதே அளவில் 1500 என்று ஒருவர் விற்றால், அந்த எண்ணிலேயே பொய் இருக்கிறது. வேறு நிறுவனம் செய்தது என்பதற்காக எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், நல்லவையும் உண்டு. உண்மையான எண்ணைப் போட்டிருப்பவரிடம் வாங்குங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் படக் கணக்கு சிப்பா என்ற ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கத்தின் சோதனை முறைப்படி வருவது. முப்பது வினாடிக்கு ஒரு படம், ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் பிளாஷ், பத்துப் படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது என்று அதற்கு ஒழுங்கு உண்டு. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் இரவில் காவடி எடுக்கும்போது நாம் ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் போடுவோம், எடுத்ததை உடனே திரையில் எல்லோருக்கும் காட்டுவோம். அந்தக் கணக்கு அங்கே வராது. கையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும்.

பழனிக்கோ சென்னைக்கோ விமானத்தில் போகிறவர்கள், உபரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சாவி, சில்லறையோடு உரசாமல் தனி உறையில் போடுங்கள்.

பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைன் ஒழுகியது. கண்ணில் படாமல், கையுறை போட்டு, காது குடையும் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் பச்சையாகி அரித்திருந்தால் எடுத்து வாருங்கள், மாற்ற முடிகிறதா பார்க்கலாம். வேறு பழுதே இல்லாமல் தேதி மட்டும் பழைய வருஷத்துக்குப் போய் நிற்கிறதா? கேமராவுக்குள் இன்னொரு குட்டிப் பேட்டரி இருக்கிறது, பல மாடல்களில் பெரிய பேட்டரியை உள்ளேயே ஒருநாள் வைத்திருந்தால் அது தானாக நிரம்பிவிடும். அதற்குக் காசு வாங்குகிறவரிடம் கேமராவைக் கொடுக்காதீர்கள்.